மாஸ்டர் பிளானில் எங்கள் தெரு இன்னும் வயல்தான். மொத்தமாக மாற்றச் சொல்லி எப்படிக் கேட்பது?

தறிவீடு:

எங்கள் ஊர் மேற்கு மாவட்டம் ஒன்றில் இருக்கும் நகராட்சி. ஒரு லட்சம் பேருக்குக் கொஞ்சம் மேல், அதில் பாதிப் பேருக்கு விசைத்தறியை நம்பித்தான் பிழைப்பு. ஊர்ப் பெயரைச் சொன்னால் தெருவையே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அதை மட்டும் விட்டுவிடுகிறேன்.

அப்பா 1994-இல் பைபாஸுக்குப் போகும் ரோட்டோரம் ஆறு சென்ட் வாங்கி, முன்பக்கம் ஓட்டு வீடும் பின்பக்கம் நாலு தறி போட்ட பட்டறையுமாகக் கட்டினார். அவர் போன பிறகு தறிகளை விற்றுவிட்டோம். ஓட்டு வீடு இன்னொரு மழைக்குத் தாங்காது. இடித்துவிட்டுக் கீழே இரண்டு கடை, மேலே அம்மாவும் நானும் தம்பி குடும்பமும் இருக்க வீடு என்று யோசித்து வங்கிக்குப் போனால், அப்ரூவல் ஆன பிளான் கொண்டு வாருங்கள் என்றார்கள். நியாயம்தான். இன்ஜினியர் ஒரு வாரம் அலைந்துவிட்டு வந்து சொன்னார்: "அக்கா, மாஸ்டர் பிளான்ல உங்க சர்வே நம்பர் விவசாயத்துல கிடக்கு. வீட்டுக்கே இழுபறி, கடைன்னா பேச்சே எடுக்க முடியாது."

நம்ப முடியாமல் நானே போய், எந்த இடம் வீட்டுக்கு, எது கடைக்கு, எது விவசாயத்துக்கு என்று ஊரையே பிரித்துக் காட்டும் அந்த வரைபடத்தைப் பார்த்தேன். 1980-களின் கடைசியில் போட்டது. எங்கள் ரோட்டுக்கு வடக்கே முழுக்கப் பச்சை, அதாவது விவசாயம். அந்தப் பச்சைக்குள் இன்று ரேஷன் கடை இருக்கிறது, இரண்டு பேக்கரி இருக்கிறது, ஒரு தனியார் மருத்துவமனை, சாயம் காயப்போடும் களம், ஐம்பது அறுபது தறிப்பட்டறை, ஒரு பள்ளிக்கூடம். நகராட்சி எங்களிடம் சொத்து வரியும் தண்ணீர் வரியும் வாங்குகிறது, பாதாளச் சாக்கடைக்கு டெபாசிட்டும் கட்டியிருக்கிறோம். நான் பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் ஒரு நாற்று நட்டு நான் பார்த்ததில்லை.

தனியாக நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு மனுப் போடலாம் என்கிறார்கள். எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒருவர் போட்டு இரண்டு வருடம் நடந்தார், கடைசியில் கிடைத்தது, ஆனால் ஆன செலவைக் கேட்டால் எங்களால் அந்தப் பக்கமே போக முடியாது என்று தெரிகிறது. மற்றவர்கள் யாரும் எதுவும் கேட்காமல் கட்டிவிட்டார்கள். கடன் தேவைப்படாதவனுக்கு அது சுலபம், எங்களுக்கு முடியாது.

இப்போது மத்திய அரசின் அம்ருத் நகர மேம்பாட்டுத் திட்டத்தில் புது மாஸ்டர் பிளான் போடுகிறார்கள், அதற்காகத்தான் ட்ரோன் வந்து படம் எடுத்தது என்று வார்டு கவுன்சிலர் சொல்கிறார். என் கேள்வி: ஒவ்வொரு வீடாக மனுப் போடாமல் தெருவே சேர்ந்து, இந்தப் பகுதி முழுக்க மாற்றுங்கள் என்று கேட்க வழி இருக்கிறதா? கேட்டால் என்னவாக மாற்றச் சொல்ல வேண்டும்? கூடவே இன்னொன்று. அத்தையின் காலி மனை நடுவே பழைய வரைபடத்தில் 60 அடி ரோடு ஒன்று போகிறது. ரோடு வரவே இல்லை, ஆனால் அதைக் காட்டி அவருக்குப் பிளான் கொடுக்க மறுக்கிறார்கள். அதற்கு என்ன செய்வது?

நீலப்பிரதி:

அம்மா, நான் நகரமைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் தெருவைப் போல எத்தனையோ தெருக்களின் கோப்பு என் மேஜையில் கிடந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சட்டம். நம் மாநிலத்தில் இதற்கெல்லாம் அடிப்படை 1971-ஆம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டம். அதில் 32-ஆவது பிரிவு, மாஸ்டர் பிளான் அமலுக்கு வந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதை மறுபடி ஆய்வு செய்வதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் மாஸ்டர் பிளானைப் போடும் அமைப்பான திட்டக் குழுமம் "செய்யலாம்" என்றுதான் அங்கே இருக்கிறது. அரசு உத்தரவிட்டால்தான் "செய்ய வேண்டும்". அந்த ஒரு வினைச்சொல்லில்தான் தமிழ்நாட்டின் பாதி ஊர்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. கோயம்புத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள், 1994-இல் வந்த திட்டத்துக்கு 2024-இல்தான் புது வரைவு வெளியானது. இடையில் அந்த ஊர் எப்படி வளர்ந்தது என்று எல்லாருக்கும் தெரியும். பெரிய மாநகராட்சிக்கே முப்பது வருடம் என்றால் உங்கள் நகராட்சியை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

தனி மனு ஏன் தவறான வழி என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு சர்வே எண்ணுக்கு மாற்றம் கேட்டால் நகர்மன்றத் தீர்மானம், நாளிதழில் விளம்பரம், ஆட்சேபணை, மாவட்ட அலுவலகம், சென்னை, அரசிதழ் என்று அத்தனை படியும் ஏற வேண்டும். ஆறு சென்ட்டுக்கும் அதே படிதான், அறுபது ஏக்கருக்கும் அதே படிதான். அறுபது ஏக்கர்காரர் ஆள் வைத்து ஏறிவிடுவார். அதனால்தான் பழைய வரைபடங்களில் பச்சைக்கு நடுவே அங்கங்கே ஒட்டுப்போட்டது போல மஞ்சள் சதுரங்கள், அதாவது குடியிருப்பாக மாற்றியவை, தெரியும். அந்தச் சதுரங்களுக்குச் சொந்தக்காரர்கள் யார் என்று பார்த்தால் உங்களைப் போன்ற தறிக்குடும்பம் ஒன்றுகூட இருக்காது. பணியில் இருந்த காலம் முழுக்க எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது.

நீங்கள் கேட்கும் வழி இருக்கிறது. புது மாஸ்டர் பிளான் வரைவு தயாரானதும் 26-ஆவது பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை, ஆலோசனை கேட்டாக வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், நிலத்துக்குச் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. அந்த இரண்டு மாதம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். இப்போதே உள்ளூர் திட்டக் குழுமத்துக்கும் நகராட்சி ஆணையருக்கும் தெருவின் இன்றைய நிலையை எழுதிக் கொடுத்துப் பதிவு எண் வாங்கிவிடுங்கள். வரைவு போடுகிறவர்கள் ட்ரோன் படத்தில் கூரையைத்தான் பார்ப்பார்கள். கூரைக்குக் கீழே தறி ஓடுகிறதா, மளிகைக் கடை நடக்கிறதா, இரண்டும் ஒரே வீட்டில் நடக்கிறதா என்பதை அந்தப் படம் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எழுதும்போது "எங்கள் பகுதியைக் குடியிருப்பாக்குங்கள்" என்று மட்டும் எழுதினால் பின்னால் வருத்தப்படுவீர்கள். முதன்மைக் குடியிருப்பு என்று போட்டுவிட்டால் வீட்டுக்கு வழி பிறக்கும், சின்னஞ்சிறு கடைக்கும் ஓரளவு இடம் உண்டு, ஆனால் உங்கள் தெருவின் தறிப்பட்டறைகள் பல விதிக்கு வெளியேதான் நிற்கும். பிறகு எவராவது ஒருவர் சத்தம் என்று புகார் எழுதினால் போதும். தொழில் மண்டலம் என்று போட்டாலும் ஆபத்து, பக்கத்தில் பெரிய ஆலை வந்து உட்காரும். உங்களுக்குப் பொருந்துவது கலப்புக் குடியிருப்பு. வீடு, கடை, சின்னத் தொழில் மூன்றும் அடுத்தடுத்து இருப்பதை ஒத்துக்கொள்ளும் வகை அது. எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வரை, எந்த மாதிரித் தொழில் வரை என்பதை 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் உங்கள் இன்ஜினியரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கடைவீதி ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளாக. அங்கே பக்கத்தில் இத்தனை அடி விடு என்றால் பத்தடி அகல மனைக்காரர் என்ன செய்வார்? அந்தத் தெருக்களைத் தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்கச் சொல்லி அதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள். அறிவித்தால் பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. இது உங்கள் தெரு இல்லைதான், ஆனால் கடைவீதிக்காரர்களும் உங்களோடு சேர்ந்தால் நகர்மன்றம் காது கொடுக்கும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நிறைய மனுக்கள் இதில்தான் விழுகின்றன. பழைய மாஸ்டர் பிளானில் இருப்பது வருவாய்த்துறையின் பழைய சர்வே எண். உங்கள் பட்டாவில் இப்போது வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று இருக்கும். இரண்டையும் பொருத்திக் காட்டும் பட்டியலை, கோரிலேஷன் என்பார்கள், நகர நில அளவைப் பிரிவில் கேட்டு வாங்கி இரண்டு எண்ணையும் போட்டு எழுதுங்கள். இல்லையென்றால் "குறிப்பிட்ட எண் எமது பதிவேட்டில் இல்லை" என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள்.

அத்தைக்கு: 1971 சட்டத்தின் 38-ஆவது பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். திட்டத்தில் ஒரு நிலத்தைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கினால், அறிவிப்பு வெளியான மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்தும் அறிவிப்பாவது வந்திருக்க வேண்டும், அல்லது பேசி வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகவே கருத வேண்டும். இதை வைத்து உயர் நீதிமன்றத்தில் பலர் வென்றிருக்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அந்த ரோட்டுக்கு என்றைக்காவது கையகப்படுத்தல் அறிவிப்பு வந்ததா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். புது வரைவில் அதே கோட்டை மறுபடி இழுக்காமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

செங்கல்சூளை:

நீலப்பிரதி ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் நான் கட்டுமானத்தில் இருக்கிறவன், நடப்பைச் சொல்கிறேன். மாஸ்டர் பிளான் வரும் வரும் என்று இருபது வருடமாகக் கேட்கிறோம். அக்கா, நகை வைத்தாவது கீழ்த்தளத்தை எழுப்பிவிடுங்கள். எப்படியும் அனுமதியில்லாமல் கட்டியதை ஏற்றுக்கொள்ளும் வரன்முறை என்று ஒன்று வரும், பணம் கட்டி முடித்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். வீடு மட்டும் என்றால் இன்னும் சுலபம், 2024 ஜூலையிலிருந்து விதிப்படி கட்டுகிறேன் என்று நாமே சான்று கொடுக்கும் சுயசான்று முறை இருக்கிறது, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும், ஆன்லைனில் பணம் கட்டினால் உடனே அனுமதி.

நீலப்பிரதி:

தம்பி, சுயசான்று பற்றிச் சொன்னது சரி, நல்ல மாற்றம் அது. ஆனால் அது வீட்டுக்கு மட்டும், கீழே கடை என்றால் வராது; ஆறு சென்ட் மனையும் 2,500 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே போய்விடும். தவிர, நிலமே விவசாயம் என்று கிடக்கும்போது அதில் போய்ச் சான்று போட்டுக் கையெழுத்திட்டால் நாளை பொறுப்பு அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும்.

வரன்முறையை நம்பிக் கட்டச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 1999-இல் அதே 1971 சட்டத்தில் வரன்முறைக்கான 113-ஏ பிரிவு வந்தபோது இதே பேச்சுத்தான் ஊரெல்லாம் இருந்தது. 28.2.1999-க்கு முன் கட்டியவர்களுக்கு என்று வந்தது, பிறகு ஒவ்வொரு வருடமாக அந்தத் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். 2006-இல் உயர் நீதிமன்றம் அப்படித் தள்ளியதை ரத்து செய்தது. நம்பிக் கட்டியவர்கள் நடுவில் நின்றார்கள். மனைகளிலும் அதே கதை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது, 2017-இல் வரன்முறை விதி வந்தது, அதுவும் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிந்த மனைகளுக்குத்தான். கவனித்துப் பாருங்கள், எப்போதும் முடிந்துபோன ஒரு தேதிக்கு முன்னால் கட்டியவர்களுக்குத்தான் மன்னிப்பு. இன்றைக்குச் செங்கல் அடுக்குகிறவருக்கு எந்தத் தேதியும் கிடையாது. அந்தத் தடை இருந்த மாதங்களில் பெண் கல்யாணத்துக்கு மனையை விற்க முடியாமல் அலுவலக வாசலில் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செங்கல்சூளை:

ஐயா, கடைசித் தேதி விஷயம் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியாது. நகை வைக்கச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் அக்கா. மனுவுக்கு அளவு எடுக்க ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள், பக்கத்து மாவட்டம்தான், டேப்போடு வந்துவிடுகிறேன்.

கடைமடை:

சகோதரி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நான் வேறு பக்கத்திலிருந்து பேச வேண்டியிருக்கிறது. பச்சை முழுவதையும் மாற்றுங்கள் என்று எழுதுவதற்கு முன்னால் தயவுசெய்து ஒருமுறை நில்லுங்கள்.

நான் ஏரிப் பாசனத்தில் கடைசி மடைக்காரன், தண்ணீர் எங்களுக்குத்தான் கடைசியில் வரும். எங்கள் ஊரிலும் இப்படித்தான் மொத்தமாகப் பச்சையை அழித்தார்கள். வயலை மனையாக்கினால் வயல் மட்டும் போகும் என்று நினைத்தோம். வயலோடு வாய்க்காலும் போனது. வாய்க்கால் என்பது வரைபடத்தில் ஒரு மெல்லிய கோடு, அதற்கென்று தனி வண்ணம் கிடையாது, நஞ்சைக்குள் நஞ்சையாகத்தான் தெரியும். மனை போட்டவர் அந்தக் கோட்டின் மேல் முப்பதடி ரோடு போட்டார், அதற்கு அப்ரூவலும் வாங்கினார். மேலே ஏரி நிரம்பி மறுகால் போனபோது தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்து வீடுகளுக்குள் நின்றது. கீழே எங்கள் வயலுக்கோ அடுத்த பருவத்துக்குத் தண்ணீரே வரவில்லை.

இது சின்ன ஊர்களின் தவறு மட்டும் இல்லை. சென்னை தியாகராய நகர் 1920-களில் உருவானது எங்கே என்று பாருங்கள், மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் மேற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரிக்குள். ஏரி போய் நூறு வருடம் ஆகிறது, 'லேக் வியூ ரோடு' என்ற தெருப்பெயர் மட்டும் மேற்கு மாம்பலத்தில் இன்னும் இருக்கிறது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாயில். அரசாங்கமே இப்படிச் செய்தால் மனை போடுகிறவனை என்ன சொல்வது?

உங்கள் தெரு தெருவாகிவிட்டது, அதை யாரும் மறுபடி வயலாக்கப் போவதில்லை, அதை மாற்றச் சொல்வது நியாயம். ஆனால் உங்கள் மனுவின் நிழலில் இன்னும் நெல் விளையும் இருநூறு ஏக்கரையும் சேர்த்துத் தள்ள ஆட்கள் காத்திருப்பார்கள். அதனால் எது ஏற்கெனவே தெரு, எது இன்னும் வயல் என்று நீங்களே கோடு போட்டுக் கொடுங்கள். வாய்க்கால், வாரி, குட்டை எல்லாவற்றையும் அவற்றின் எண்ணோடு தனியாக எழுதி இவற்றைத் தொடாதீர்கள் என்றும் அதே மனுவில் கேளுங்கள். வருவாய்த்துறையின் நிலக் கணக்கான ஏ பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்பட நகலில் அதன் அகலமும் இருக்கும். வீட்டுக்காரரும் வயல்காரரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் மனை வியாபாரி உள்ளே நுழைய இடம் இருக்காது.

மிச்சிகன்கரை:

நான் அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில், சௌத் பெண்ட் பக்கத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் குமாரபாளையம் பக்கம், அதனால் தறிவீடு அக்காவின் தெருவைக் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. இங்கே நடந்த ஒன்று உங்களுக்கு உதவலாம்.

சௌத் பெண்ட் லட்சம் பேர் ஊர்தான். 1963 கடைசியில் ஸ்டூடபேக்கர் கார் ஆலை மூடியதும் சரிந்தது, 1960-இல் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2010-இல் ஒரு லட்சம் அளவுக்கு வந்துவிட்டது. ஆள் இல்லாத வீடுகளை இடித்தார்கள், தெருவெல்லாம் பல் விழுந்தது போலக் காலி மனை. சரி, திரும்பக் கட்டலாம் என்றால் விதி குறுக்கே நின்றது. பழைய வீடுகள் குறுகிய மனையில் நெருக்கமாகக் கட்டியவை, பிறகு வந்த விதிகளோ அகலமான மனை, பக்கத்தில் இடம், வண்டி நிறுத்த இடம் என்று கேட்டன. இடித்த வீட்டை அதே இடத்தில் அதே மாதிரி கட்டினால் சட்ட விரோதம்.

அவர்கள் விதிப் புத்தகத்தையே தெருவுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதினார்கள். 2020-இல் புது விதி வந்தது, 2021-இல் கட்டாய வண்டி நிறுத்த இடம் என்பதையே ஊர் முழுக்க எடுத்துவிட்டார்கள். 2022-இல் நகராட்சியே அந்தக் குறுகிய மனைகளுக்குப் பொருந்தும் வீட்டு வரைபடங்களை முன்கூட்டியே சரிபார்த்து இலவசமாக வெளியிட்டது. சின்ன முதலீட்டுக்காரர் தனியாக ஆர்க்கிடெக்ட்டுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை, அதை எடுத்துக் கட்டலாம்.

அந்த ஊருக்குப் பிரச்சினை ஆள் குறைந்தது, உங்களுக்கு ஆள் கூடியது, அதனால் அப்படியே எடுக்க முடியாது. ஆனால் ஆறு சென்ட்டில் கீழே இரண்டு கடை, மேலே வீடு என்பது உங்கள் ஊரில் ஆயிரம் பேருக்குத் தேவைப்படும் ஒரே கட்டடம். அதற்கு மூன்று நாலு மாதிரி வரைபடத்தை நகராட்சியே போட்டு அங்கீகரித்துக் கொடுத்தால் என்ன? மனுவில் இதையும் ஒரு பத்தியாகக் கேட்டுப் பாருங்கள்.

தறிவீடு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

கோரிலேஷன் பட்டியல் நாலு நடையில் கிடைத்தது. செங்கல்சூளை தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், தெருப் பையன்கள் ஆறு பேரும் சேர்ந்து வடக்கு ரோடு முழுக்கக் கதவு கதவாகத் தட்டி எழுதினோம். மொத்தம் 186 கதவு. வீடு மட்டும் 71, வீடும் தறியும் 48, வீடும் கடையும் 39, மற்றவை தனிக் கடை, கிடங்கு, பள்ளிக்கூடம், மருத்துவமனை. விவசாயம் ஒன்றுகூட இல்லை. இதை ஒரு தாளில் பார்த்ததும் கவுன்சிலரின் முகமே மாறியது, அதுவரை இது என் ஒருத்தியின் வீட்டுப் பிரச்சினை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

கடைமடை அண்ணா சொன்னதற்காக ஏ பதிவேட்டையும் பார்த்தோம். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன் அண்ணா, வாய்க்கால் எங்கள் மனைக்குப் பின்னால்தான் போகிறது. பேக்கரியின் கழிவறைக்கு அடியில் நுழைந்து, எங்கள் பழைய தறிப்பட்டறையின் பின்சுவரை ஒட்டி வந்து, பள்ளிக்கூட மைதானத்தில் காணாமல் போகிறது. புலப்படத்தை வைத்து அளந்தபோது பட்டறையின் பின்சுவர் வாய்க்காலுக்குள் இரண்டரை அடி நிற்பது தெரிந்தது. அப்பா தெரிந்து கட்டியிருப்பாரா என்று அம்மாவிடம் கேட்டேன். "அப்பவே அதுல தண்ணி வரலடி, எல்லாரும் மண்ணு கொட்டிட்டாங்க" என்றார். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. அந்த இரண்டரை அடியை விட்டுத்தான் புது வீட்டுக்குக் கடைக்கால் போடுவது என்று நானும் தம்பியும் முடிவு செய்துவிட்டோம். ஆறு சென்ட்டில் அது பெரிய இடம்தான், மாடிப்படியை முன்பக்கம் கொண்டுவர வேண்டியிருக்கும்.

பேக்கரிக்காரருக்கு இது பிடிக்கவில்லை. வாய்க்காலை மனுவில் எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். அவரோடு சேர்ந்து இன்னும் ஒன்பது வீடு. எழுதாமல் விட்டுவிடலாம் என்று தெருவில் பாதிப் பேர் சொல்கிறார்கள், நான் எழுதத்தான் வேண்டும் என்று நிற்கிறேன். ரோட்டின் கடைசியில் இன்னும் மஞ்சளும் வாழையும் போடும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. மனுவில் வாய்க்கால் வரும் என்றால் நாங்கள் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறோம், எங்கள் நிலத்தைப் பச்சையாகவே விட்டுவிடச் சொல்லுங்கள் என்கிறார்கள். அவர்கள் நிலத்துக்கு முன்னால் கோடு போட்டுவிட்டோம்.

அத்தை தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை, முப்பது நாள் ஆக இன்னும் பத்து நாள் இருக்கிறது.

நீலப்பிரதி ஐயா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தப் பத்து வீடும் கையெழுத்துப் போடாவிட்டால் 176 வீட்டோடு கொடுத்துவிடலாமா, அல்லது அவர்கள் எதிர்மனு போட்டால் தெரு முழுவதும் பாதிக்குமா?

நீலப்பிரதி:

கொடுத்துவிடுங்கள் அம்மா. எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அந்தப் பத்து வீட்டையும் எண்ணிக்கையில் விடாமல் காட்டுங்கள், "கையெழுத்திடவில்லை" என்று எதிரே எழுதிவிடுங்கள், அப்போது நாளை யாரும் எதையும் மறைத்ததாகச் சொல்ல முடியாது. அவர்கள் எதிர்மனு போட்டால் போடட்டும். வாய்க்கால் புறம்போக்கு அரசு நிலம், அதை எழுதாமல் விட்டால் மட்டும் அது அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது. பேக்கரிக்காரரிடம் இதைக் கோபமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், இந்தத் தெரு கலப்புக் குடியிருப்பானால் அவர் கடைக்கும் முதல்முறையாக ஒழுங்கான அனுமதி கிடைக்கும், கழிவறையை ஆறடி நகர்த்துவது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மனுவை மூன்று பிரதியாகப் போடுங்கள். ஒன்று திட்டக் குழுமத்துக்கு, ஒன்று ஆணையருக்கு. மூன்றாவதில் இரண்டு அலுவலகத்தின் முத்திரையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வரைவு வெளியாகும் அன்று அந்த 186 கதவும் என்ன வண்ணத்தில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், அதற்கு அந்தப் பிரதி தேவைப்படும். வரைவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள், நான் உங்களோடு உட்கார்ந்து எண் எண்ணாகப் பார்க்கிறேன்.